தசாவதாரத்தில் ஒரு ஜப்பான்காரர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் முட்டாள். ஒருமுறை ஏமாந்து, பட்டுத் தெளிந்து, பிறகு புத்திசாலி ஆன ரகம்கூட இல்லை. ஒரே குழியில் மூன்று வருடம் தொடர்ந்து விழுந்தவன். மூன்றாவது முறை, குழி சின்னதாக இருக்கிறதே என்று நானே கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுத்துவிட்டு விழுந்தவன்.

என் ஒன்பதாவது வயதில் எனக்கு ஒரு ஜப்பான் ரோபோ பொம்மை வேண்டியிருந்தது. அதை எப்படியாவது வாங்க வைக்க வேண்டும் என்பதற்காக அம்மாவிடம், "இதைக் கொலுவிலே வைக்கலாமே" என்று சொன்னேன். அம்மா வாங்கினாள். கொலுவில் வைத்தாள். முடிந்தது கதை. படியேறிய பொம்மை கொலு பொம்மை. ஒன்பது நாள் படியில் நிற்கும், கைபடக் கூடாது. மிச்ச நாளெல்லாம் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் அடைத்து, பரணில் கிடக்கும். என் ரோபோவை நான் தொட்டதெல்லாம் வாங்கிய அன்று கிழக்கேகோட்டையிலிருந்து கரமனைக்கு வந்த பஸ்ஸில்தான். மழைக்கு ஷட்டர் இறக்கிய இருட்டு பஸ். எனவே நன்றாகப் பார்க்கவும் இல்லை.

ஊரை விட்டுப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. போனது எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஜப்பானுக்குத்தான். நகோயா பக்கத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே அதையும் ஐந்தாறு வகையாகப் பிரித்து, கிழமை பார்த்துத்தான் கொட்ட வேண்டும். இப்போது இதை எழுதுவது மட்டும் கரமனையில், அக்கா வீட்டுக் கூடத்தில், கொலுவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு. நாளை மறுநாள் விமானம். வந்த காரியம் ஒரே ஒரு ரோபோவை எடுத்துக்கொண்டு போவது. அது எதிரேதான் நிற்கிறது, கை நீட்டினால் எட்டும். நெற்றியில் குங்குமம் வேறு.

2

அந்த நாளில் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ஜப்பான் என்பது ஒரு நாடு அல்ல, பொருளின் அடியில் இருக்க வேண்டிய எழுத்து. டார்ச், குடை, டேப் ரிக்கார்டர் என எதுவானாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். 'மேட் இன் ஜப்பான்' இருந்தால்தான் நிமிர்த்தி மேற்கொண்டு பேசுவார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமா, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும் ஒருதரம் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஆசீர்வாதம் செய்வார் என்று அப்பா சொல்லுவார்.

இந்த மாதிரிச் சாமான்கள் கிடைப்பது சாலைக் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக் கடைக்கு மாடியில். மரப்படி ஏறினால் சலீமிக்காவின் 'பாரின் கடை'. அவருடைய அண்ணன் தம்பிகள் வளைகுடாவில் இருந்தார்கள். லீவில் வருகிறவர்களின் பெட்டியில் வருவதெல்லாம் இவருடைய கண்ணாடி அலமாரியில் ஏறும். செண்டு, சோப்பு, புது பிளாஸ்டிக் மூன்றும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். பிற்பாடு துபாய் விமான நிலையத்தில் விமானம் மாறும்போது அதே வாசனை வந்தது. நான் நின்று இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த செண்டுக் கடைப் பெண் என்னை நல்ல வாடிக்கையாளர் என்று நினைத்து ஓடி வந்தாள்.

அம்மாவுக்கு அந்தக் கடையில் வேலையே கிடையாது. நவராத்திரிக்கு முன்னால் கொலுவுக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். அதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் மண் பொம்மை பார்க்க வந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் மாடி ஏறினோம். அங்கே, மேல் தட்டில், செண்டுக் குப்பிகளுக்கு நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளி நிறம், சதுரத் தலை, மார்பில் இரண்டு சின்னக் கதவு.

"தொடண்டா மோனே" என்றார் சலீமிக்கா. தொடாதே என்று நான் கேட்ட முதல் குரல் அதுதான். ஆனால் நல்ல மனிதர். கடை டார்ச்சைத் திருகி, அதிலிருந்த பேட்டரிகளை எடுத்து ரோபோவின் முதுகில் போட்டு, கண்ணாடி மேஜைமேல் விட்டார். அது நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் 'கிர்க்' என்று ஒரு சத்தம். நாலு அடி வைத்து நின்று, மார்புக் கதவைத் திறந்து, உள்ளே சிவப்பு விளக்கைக் கண்சிமிட்டி, மூடிக்கொண்டு மறுபடி நடந்தது. மேஜை விளிம்பில் அம்மா பதறிப்போய் உள்ளங்கையை வைத்தாள். அது அவள் கையில் முட்டிக்கொண்டு, போக வழியில்லாமல், நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. அம்மா சிரித்துவிட்டாள். காரியம் கனிந்தது என்று நினைத்தேன்.

விலையைக் கேட்டதும் அம்மா குடையைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். கொலுவில் வைக்கலாமே என்று. சலீமிக்கா வியாபாரி இல்லையா, கப்பென்று பிடித்துக்கொண்டார். "மண்ணு பொம்மை ஒரு கொல்லம் கழிஞ்ஞால் பொட்டும் சேச்சி. இது பொட்டில்லா." மண் ஒரு வருடத்தில் உடையும், இது உடையாது. அம்மா குடையைக் கீழே வைத்தாள். ரோபோவைக் கவிழ்த்தாள். இரண்டு பாதத்துக்கும் நடுவில் இருந்த எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். சலீமிக்கா தன் பேட்டரிகளைக் கழற்றி மறுபடி டார்ச்சில் போட்டுக்கொண்டார். தேவைப்பட்டால் வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தேவைப்பட்டது. வீட்டில் யாரும் கேட்கவில்லை.

3

ரோபோவை எந்தப் படியில் வைப்பது என்பதில் எங்கள் தெருவில் ஒரு சதஸே நடந்தது. மேல்படியெல்லாம் சாமி, நடுவில் மகான்கள், அதற்குக் கீழே செட்டியாரும் மளிகைக் கடையும், அடிப்படியில் ஆடு மாடு. இவர் யார்? சுண்டலுக்கு வந்த மாமிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த வருடம் பார்த்துத் தசாவதார செட்டில் கல்கியின் குதிரைக்குக் கழுத்து போயிருந்தது. ஒன்பது அவதாரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம். அம்மா ரோபோவை அங்கே நிறுத்தி, மற்றவர்களுக்கு வைத்தது போலவே அதன் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள்.

எதிர் வீட்டு மாமி, இது என்ன அநியாயம் என்று கேட்டிருக்கிறாள். அம்மா சொன்ன பதிலைத் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள்: "கல்கி இனிமேதானே வரப்போறார். எப்படி இருப்பார்னு நீங்க பாத்தேளா?"

அடுத்த வருடம் நான் தெளிவாக யோசித்தேன். கல்கி ஒருவர்தான். அந்த உத்தியோகத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. இன்னொரு ரோபோ வாங்கினால் கொலுவில் அதற்கு வேலை இல்லை, ஆகவே என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஆனால் அம்மாவிடம் சொன்ன காரணம் என்னவோ கொலுதான். மறுபடி மாடி ஏறினோம், மறுபடி டார்ச்சிலிருந்து பேட்டரி, மறுபடி கவிழ்த்துப் படித்தல். சிவப்பு ரோபோ, கையை மடக்கி நீட்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை மேல்படி அம்பாளுக்கு வலப்பக்கம் துவாரபாலகராக நிறுத்தினாள்.

மூன்றாவது வருடம் மண் பொம்மை போதும் என்றாள் அம்மா. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒத்தைத் துவாரபாலகர் உண்டா? இடப்பக்கத்துக்கு யார்?" என்று கேட்டேன். கேட்டது நானேதான். அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். என் பிள்ளைக்குத்தான் எவ்வளவு பக்தி என்ற பார்வை. எனக்கு என்ன நினைப்பு என்றால், இரண்டு துவாரபாலகர் ஆனபிறகு எப்படியாவது ஒன்று மிஞ்சும். மூன்றாவதும் வந்தது, இடப்பக்கம் நின்றது. மிஞ்சவில்லை.

4

பிறகு நான் ஜப்பானுக்குப் போனதும், அங்கே ரோபோ செய்யும் ஒரு தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்ததும் இந்த வயிற்றெரிச்சலால்தான் என்று என் மனைவி மீனா சொல்வாள். இருக்கலாம். ஆனால் நான் ரோபோ செய்கிறவன் இல்லை. ரோபோவோடு போகும் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறவன். கையேட்டில் முக்கால்வாசி, மஞ்சள் வேலியைத் தாண்டாதீர்கள், தொடாதீர்கள், கை விடாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவை எவ்வளவு அழகாகக் கையை மடக்கி நீட்டுகின்றன தெரியுமா? இருபத்திரண்டு வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பையன் அபிக்குப் பதின்மூன்று. நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வான். சமீபமாக அந்தப் பதிலும் தோள் குலுக்கலாகச் சுருங்கிவிட்டது. என் ஜப்பானிய மொழியைக் கேட்டால் அவனுக்கு உடம்பு கூசும். பள்ளியில் ஆசிரியரிடம் நான் மரியாதையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் மகன் என்பதற்கு 'தங்கள் திருமகனார்' என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழி முழுக்க அவன் இருபதடி முன்னால் நடந்தான். அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பழைய மின்சாமான்களைப் பிரித்து, சின்னத் திருப்புளியால் குடைந்து, ஓட வைப்பது.

ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், எங்கள் வீட்டில் எண்பதுகளின் ஜப்பான் ரோபோ மூன்று இருக்கிறது என்றேன். அபி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். நேராக. பிறகு, தமிழில், ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"நடக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாக என்னுடையதாக இருக்கும் ஒரு பொம்மை நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் என்னிடம் எதையாவது கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. "கொண்டுவந்து காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

லீவு படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம். சொந்த வேலை என்று எழுதிவிட்டுப் போயிருக்க வேண்டும். நேர்மையாக, 'பொம்மை எடுத்து வர' என்று எழுதினேன். பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, மெதுவான குரலில், உடம்புக்கு எல்லாம் சுகந்தானே என்று விசாரித்தார். கொலுவைப் பற்றிச் சொன்னேன். படி, பொம்மை, சாமி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயும் பெண் குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்துப் படிப்படியாக பொம்மை வைக்கும் பண்டிகை உண்டு. அவர் வீட்டிலும் வைப்பார்களாம். எல்லாம் புரிந்தது அவருக்கு, ஒன்பது நாள் என்பதைத் தவிர. அவர்களுக்குப் பண்டிகை ஒரு நாள். தாராள மனதோடு, ஐந்து மடங்காக, ஐந்து நாள் கொடுத்தார். விஜயதசமிக்கு முன்பே எனக்குத் திரும்பும் விமானம் அமைந்தது இப்படித்தான்.

வெறுங்கையோடு போய் ஒரு கல்கியைக் கேட்கக் கூடாதல்லவா. பதிலுக்கு நிறுத்த நகோயாவில் ஒரு பெரிய பொம்மைக் கடைக்குப் போய் வெள்ளி நிறத்தில் ஒரு ரோபோ வாங்கிக்கொண்டேன். கடைப்பையன் கேட்காமலே பேட்டரி போட்டுக் கொடுத்தான்.

5

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு கொலு அவள் பொறுப்பு. முட்டி வலியோடு ஸ்டூல் போட்டு ஏறி, வருடம் தவறாமல் வைக்கிறாள். மகள் கனடாவில் இருக்கிறாள். பொம்மையெல்லாம் தனக்கு வேண்டாம் என்று வீடியோ காலிலேயே சொல்லிவிட்டாளாம்.

காபி குடித்த கையோடு நான் புது ரோபோவை எடுத்து நீட்டினேன். அக்கா வாங்கினாள். கவிழ்த்தாள்.

"வியட்நாம்னு போட்டிருக்கேடா கிச்சா."

இப்போதெல்லாம் அப்படித்தான், கம்பெனி ஜப்பான், செய்வது வேறு இடம் என்று உலகப் பொருளாதாரத்தைச் சுருக்கமாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"ஜப்பான்லயே இருந்துண்டு ஒரு ஜப்பான் சாமான் வாங்கத் தெரியலை நோக்கு."

சரி, அது போகட்டும், பழையதைக் கொடு என்றேன். நடு நவராத்திரியில் கல்கியைப் படியிறக்கச் சொல்கிறாயா என்று கேட்டாள். விஜயதசமி வரை எனக்கு லீவு இல்லை என்றேன். அது உன் கம்பெனி பகவானிடம் போய்ச் சொல்ல வேண்டியது, இந்த பகவானிடம் இல்லை என்றாள். ஒரு நிஜக் கல்கியை வாங்கி வைத்தால் என்ன என்று மறுநாள் வெயிலில் கோட்டைப் பக்கம் பொம்மைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன். கல்கி தனியாகக் கிடைக்காது. பத்தும் சேர்ந்த செட்டுதான். ஒரு கடைக்காரர் மட்டும், "சாரே, கல்கி மாத்திரம் எங்கனெ தரும்? பாக்கி ஒன்பது பேரும் பிணங்கூலே?" என்றார். மற்ற ஒன்பது பேரும் கோபித்துக்கொள்வார்களாம். அவருக்கு ஜோக். எனக்கு விமான டிக்கெட்.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து அக்காவிடம், "அதையாவது சொல்லு. அது நடக்குமா?" என்று கேட்டேன்.

"நடக்கும். கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும்."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். எப்படித் தெரியும் என்றேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். விஜயதசமிக்கு மறுநாள், நான் பள்ளிக்கூடம் போன பிறகு, பொம்மைகளைத் துணியில் சுற்றுவதற்கு முன்னால், அம்மா டார்ச்சிலிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டு, கூடத்திலிருந்து சமையலறை வாசல்வரை அதை ஒருதரம் நடக்க விடுவாளாம். பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்க்கவாம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். வாசல்படி வந்ததும் அம்மா கையை வைப்பாளாம். இப்போதும் அக்கா வருடத்துக்கு ஒருதரம் விடுகிறாளாம்.

ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. கூடத்துக் கண்ணாடியில் பார்த்தேன், சகிக்கவில்லை.

"என்னை ஏன் கூப்பிடலை?"

"உன்னைக் கூப்பிட்டிருந்தா அது திரும்பப் பெட்டிக்குள்ள போயிருக்குமாக்கும்?"

அபி கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவன் தமிழில் கேட்டான் என்றும் சொன்னேன். அக்கா அம்பாளுக்கு முன்னால் இருந்த வாடின பூவை எடுத்துப் போட்டாள். முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"ஒத்தையாப் பிரிச்சுத் தர மாட்டேன்" என்றாள். "தசாவதாரம் பத்தையும் எடுத்துக்கோ. விஜயதசமி கழிஞ்சு நானே பார்சல் பண்ணி அனுப்பறேன். ஆனா அங்கே கொலு வைக்கணும். மூணு படி போதும். ஒரு வருஷம் வச்சுட்டு விட்டுடப்படாது, கேட்டியா? வச்சா வச்சதுதான்."

அவளுக்கு இது தூக்கிக் கொடுப்பது இல்லை, ஒப்படைப்பது என்று அப்போதுதான் உறைத்தது. கனடா வேண்டாம் என்றதைக் கேட்க ஜப்பானிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு பெரிய சரி என்பது மீனாவுக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது. நம் வீட்டில் மூன்று படி வைத்தால் மனிதர்கள் எங்கே படுப்பது என்றாள். ஒவ்வொரு வருடமும் சுண்டல் யார் செய்வது, செய்தால் தின்ன அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றாள். அப்புறம், "அவனுக்காகத்தானே இவ்வளவும்? அவன்கிட்டயே கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

6

இன்று மத்தியானம், அங்கே அவன் பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்து, அபிக்கு ஜப்பானிய மொழியில் செய்தி எழுதினேன். மரியாதைச் சொல் எதுவும் தவறான ஆளுக்குப் போய்விடாமல், அகராதி பார்த்து, முக்கால் மணி நேரம். முதல் வரியில் நல்ல செய்தி: ரோபோ நடக்கும், உன்னிடம் வரப்போகிறது. பிறகு நிபந்தனைகள். வருடத்துக்கு ஒன்பது நாள் அது படியில் நிற்க வேண்டும், அப்போது தொடக் கூடாது. விஜயதசமிக்கு மறுநாள் ஒருதரம் நடக்க விடலாம், கூடத்திலிருந்து சமையலறைவரை. அதன்பின் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பிரித்துப் பார்க்கக் கூடாது, அது கல்கி. இது வருடா வருடம், விடாமல். உனக்குச் சம்மதமா?

அனுப்பிவிட்டு, ஒருதரம் படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் தெரியவில்லை. அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் படித்துவிட்டான் என்று திரையில் காட்டியது. பிறகு பதில் வந்தது, ஒரே வரி. அக்காவுக்காகத் தமிழில் வாசித்தேன்:

"அப்போ எப்போ விளையாடுறது?"